அச்சில் வார்த்தால் அது கைவேலை இல்லையா?



சென்ற மாதம் ஒரு கண்காட்சிக்கு நான் செய்த பீங்கான் குருவியைக் கொண்டுபோனேன். நீல நிற உடம்பு, அதில் வெள்ளைக் கோடுகளாக இறகுகள். வாங்கிப் பார்த்தவர் அடியைத் திருப்பி, "அச்சுல ஊத்துனதாம்மா? அப்ப இது கைவினைப் பிரிவுல சேராது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது உண்மைதான். ஆனால் இந்தக் கட்டுரையை அதற்காக எழுதவில்லை. பக்கத்தில் என் மாமா நின்றுகொண்டிருந்தார். அவர் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் 22 வருஷமாக அச்சு எடுக்கிறவர். பஸ்ஸில் வரும்போது, "விடு பாப்பா, நமக்கு இது பழக்கந்தானே" என்றார். அந்த 'பழக்கம்' என்ற சொல்தான் என்னை எழுத வைத்தது.

விருத்தாசலம் பீங்கான் நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அகல் விளக்கு, கொலு பொம்மை, ஃபியூஸ் கட்டை எல்லாம் அங்கே செய்கிறார்கள். ஆனால் அச்சு என்றால் நம்மில் பலர் நினைப்பது, ஊத்தினா தானா வந்துடும் என்றுதான். நானும் அப்படித்தான் நினைத்தேன், கோடை விடுமுறையில் மாமாவிடம் போய் உட்காரும் வரை.

முதலில் களிமண்ணில் குருவி செய்தேன். அதன்மேல் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றினேன். வேதியியல் பாடத்தில் 'பாரிஸ் சாந்து' என்று படிக்கிறோமே, அதேதான். அரை மணி நேரத்தில் இறுகிச் சூடாகிவிட்டது. ஆனால் குருவி வெளியே வரவில்லை! மாமா சிரித்துவிட்டு, "அலகுக்குக் கீழ பிளாஸ்டர் போயி கொக்கி மாட்டிக்கிச்சு பாரு. எது எந்தப் பக்கம் கழண்டு வரும்னு மொதல்ல யோசி, அப்புறம் பிளாஸ்டரைக் கரை" என்றார். இரண்டாவது தடவை இரண்டு பாதியாக எடுத்தேன். நடுவில் சோப்புக் கரைசல் தடவ மறந்துவிட்டேன். இரண்டும் ஒட்டி ஒரே கல்லாகிவிட்டது. மூன்றாவதுதான் அச்சு. அது காய ஒரு வாரம் ஆனது. ஈர அச்சு தண்ணீரை உறிஞ்சாது. உறிஞ்சினால்தான் வேலையே நடக்கும்.

எப்படி என்றால், களிமண்ணைக் கூழ் போலக் கரைத்து அச்சுக்குள் ஊற்றுவார்கள். இதற்கு 'ஸ்லிப்' என்று பெயர். பிளாஸ்டரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. அவை தண்ணீரை இழுக்க, அச்சின் சுவரோரம் களிமண் தோல் போலப் படியும். தேவையான கனம் வந்ததும் மீதியைக் கவிழ்த்துவிட வேண்டும். சற்று நேரத்தில் பொருள் சுருங்கி அச்சை விட்டு விலகும். ஸ்லிப்பில் சிறிதளவு சோடியம் சிலிகேட் சேர்ப்பதால் குறைந்த தண்ணீரிலேயே அது நன்றாக ஓடும். இதில் இயற்பியலும் இருக்கிறது, வேதியியலும் இருக்கிறது.

அப்புறம்தான் எனக்கு நிற ஆசை வந்தது. மேலே பெயிண்ட் அடிக்காமல் மண்ணிலேயே நிறத்தைக் கலந்தால் என்ன? நீலத்துக்குக் கோபால்ட் ஆக்சைடு, செம்பழுப்புக்கு இரும்பு ஆக்சைடு. (இவற்றைக் கையுறையும் முகமூடியும் இல்லாமல் தொடக்கூடாது.) கோபால்ட் ஆக்சைடு பார்க்கக் கரிப்பொடி மாதிரி கறுப்பாக இருக்கும். சூளையில் வெந்த பிறகுதான் நீலம் தெரியும். அதனால் எடை போட்டு எழுதி வைக்காவிட்டால் எது எது என்றே தெரியாது. இரும்பு ஆக்சைடு சேர்த்ததும் என் ஸ்லிப் கெட்டியாகிவிட்டது. அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் கூடினால் சுருக்கமும் கூடும். காயும்போதே வாலோரம் விரிசல்! கடைசியில் முதலில் நீல ஸ்லிப்பை 2 நிமிடம் மட்டும் ஊற்றிக் கவிழ்த்து, பிறகு வெள்ளையை ஊற்றினேன். வெளியே எடுத்து ஊசியால் கீறினால் நீலத்துக்கு அடியில் வெள்ளை தெரிந்தது. அதுதான் அந்த இறகுகள். மொத்தம் 11 குருவி வார்த்ததில் உருப்படியாக வந்தவை 5. ஐந்தும் ஒன்று போல இல்லை.

இப்போது சொல்லுங்கள், இதில் என் கை எங்கே இல்லை?

சுவாமிமலையில் ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த அச்சில்தான் உலோகத்தை வார்க்கிறார்கள். சோழர் கால நடராஜரும் அச்சில் வார்த்தவர்தான். அவரைக் கலை இல்லை என்று யாராவது சொல்வோமா? இங்கிலாந்தில் ஜோசையா வெட்ஜ்வுட் 1770-களில் மண்ணிலேயே நிறம் கலந்த 'ஜாஸ்பர்' பீங்கானைக் கண்டுபிடிக்க ஆயிரக்கணக்கான சோதனைத் துண்டுகள் செய்து எண் போட்டு வைத்தார். அதில் ஒட்டும் வெள்ளை உருவங்களை அச்சில் அழுத்தித்தான் எடுத்தார்கள். சூளையின் வெப்பத்தை அளக்கவும் அவர் ஒரு கருவி செய்தார். 1783-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. அவருடைய மகள் வயிற்றுப் பேரன்தான் நாம் உயிரியலில் படிக்கும் சார்லஸ் டார்வின்!

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சுவாமிமலை அச்சை ஒரு சிலையோடு உடைத்துவிடுவார்கள். பிளாஸ்டர் அச்சில் திரும்பத் திரும்ப வார்க்கலாம். கடையில் அச்சு வாங்கி ஊற்றிவிட்டு "நான் செய்தேன்" என்றால் அது தப்புதான். அந்தக் கண்காட்சிக்காரர் பயந்ததும் அதற்காகத்தான் இருக்கும். ஆனால் அதற்காக அச்சையே ஒதுக்கினால், அச்சை உண்டாக்குகிறவரையும் சேர்த்தல்லவா ஒதுக்குகிறோம்?

அதனால் நம் பள்ளி ஆண்டுக் கண்காட்சிக்கு ஒரு வேண்டுகோள். அச்சில் வார்த்த பொருளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் மாணவர் தானே எடுத்த அச்சையும், அளவு எழுதிய நோட்டையும், விரிசல் விட்ட துண்டுகளையும் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். யார் உழைத்தது என்று பார்க்கிறவர்களுக்கே தெரிந்துவிடும். வீட்டில் இந்த வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் நம் பள்ளியிலேயே பலர் இருக்கிறார்கள். அவர்களும் தைரியமாக ஒரு அச்சைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

அன்று நான் மாமாவையும் அழைத்து வருவேன். "இது யார் எடுத்த அச்சு?" என்று யாராவது ஒருவர் அவரிடம் கேட்டால் போதும்.



— பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி