கையொப்பம் இல்லாத விடுதலை

பதினாறு வயதுப் பெண்பிள்ளையொன்று நிக்காஹுக்கு மறுக்கும் சிறுகதையொன்றைப் பற்றி, "பெற்றாரிடமிருந்து பிள்ளைகளைப் பிரிக்கும் மேற்கத்தேயச் சரக்கு" என்று நண்பரொருவர் கூட்டத்தில் முழங்கினார். கைதட்டலும் கிடைத்தது. அன்று வாய்மூடியிருந்ததற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

பராயமடையாதவரைப் பெற்றாரின் அதிகாரத்திலிருந்து விடுவிப்பது இந்நாட்டுக்குப் புதிதா? நமது பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டத்தில், திருமணம் முடித்தவர் வயது குறைந்திருந்தாலும் பராயமடைந்தவரே. 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் பராய வயதை 21 என்று வகுத்தபோதும் இந்த வாசலை மூடவில்லை. 1989இல் எல்லை 18க்கு இறங்கிற்று, வாசல் அப்படியே. நம் வீடுகளிலும் நடப்பது இதுதான். நிக்காஹ் முடிந்த கணமே பிள்ளை வாப்பாவின் பொறுப்பிலிருந்து நீங்கிவிடுகிறாள்.

ஆனால் இந்த விடுதலைப் பத்திரத்தில் விடுவிக்கப்பட்டவளின் ஒப்பம் எங்கே? 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மாப்பிள்ளையிடமும் வலியிடமும் கையொப்பம் கேட்டது, மணமகளிடம் கேட்கவில்லை. குறைந்த வயதெல்லையும் விதிக்கவில்லை. 12 வயது நிரம்பாதவளின் விவாகத்தைப் பதியக் காதியின் அனுமதி வேண்டுமென்றது, அவ்வளவே. பொது விவாகச் சட்டத்தில் வயதெல்லை 1995இல் 18 ஆனது. அது நம் பிள்ளைகளைத் தொடவில்லை. 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைக்கப்பட்ட குழு அறிக்கை கையளித்தது 2018இல். முதலாண்டில் ஒன்பது வயதாயிருந்த சிறுமிக்கு அப்போது பதினெட்டு!

மேற்கத்தேயச் சரக்காம். சூரத்துன் நிஸாவின் 6ஆம் வசனம், அநாதைகள் திருமணப் பருவம் எய்தி, அவர்களிடம் 'ருஷ்து' எனும் தெளிவும் காணப்பட்ட பிறகே சொத்தை ஒப்படைக்கச் சொல்கிறது. பருவம் மட்டும் போதாது. தென்னந்தோட்டத்தைக் கொடுக்க ருஷ்து பார்க்கும் நாம், பிள்ளையைக் கொடுக்க அதைப் பார்ப்பதில்லை. வாப்பாவோ பாட்டனாரோ அல்லாத வலி முடித்துவைத்த சிறுபராய நிக்காஹை, பருவமெய்தியதும் மறுக்கும் உரிமையை ஹனபி இமாம்கள் பிள்ளைக்குக் கொடுத்தார்கள். 'கியாருல் புலூக்' என்று பெயருமிட்டார்கள். அவர்களது கூபா நகரமும் நமக்கு மேற்கேதான். நண்பர் சொன்ன மேற்கு அதுவாயிராது.

நாம் ஷாபிஈகள் என்பார்கள். வலியின்றி நிக்காஹ் இல்லையென்பதை நானும் அறிவேன். வலி இருக்கட்டும். அவரது ஒப்பத்துக்குப் பக்கத்தில் பிள்ளையின் ஒப்பமும் இருப்பதை எந்தக் கிதாபு தடுக்கிறது?

நண்பர் கதையைச் சரியாக வாசிக்கவுமில்லை. அந்தப் பிள்ளை வாப்பாவை விட்டு ஓடவில்லை. ஏ.எல். முடியுமட்டும் வாப்பாவின் வீட்டிலேயே இருக்கவிடுங்கள் என்றுதான் கேட்டாள்.