நெட் நின்றது வீட்டிலா, வெளியிலா? நாலே வரியில் தெரிஞ்சுக்கலாம்!

இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் சாய்ஸ் ஃபில்லிங் முடிய இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருக்கும். அல்லது மகளுக்கு ஆன்லைன் இன்டர்வியூ தொடங்கியிருக்கும். இப்படிப்பட்ட நேரம் பார்த்துத்தான் நெட் மக்கர் பண்ணும். அம்மா ரவுட்டரை அணைத்துப் போடுவார். 'இந்த மாசம் ரீசார்ஜ் பண்ணியாச்சா?' என்று அப்பா கேட்பார். கஸ்டமர் கேருக்கு போன் போட்டால், 'ரவுட்டரை ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்' என்று பதில் வரும்.

கோளாறு எங்கே என்று தெரியாததுதான் இங்கே பிரச்னை. அது தெரியாமலேயே சிலர் பெரிய பிளானுக்கு மாறுகிறார்கள். சிலர் புது ரவுட்டர் வாங்குகிறார்கள். இதற்கெல்லாம் முன்னால் இரண்டு நிமிடம் ஒதுக்கினால் போதும். கம்ப்யூட்டரிலேயே இருக்கும் ஒரு கறுப்புத் திரை, கோளாறு எந்த இடத்தில் என்று சொல்லிவிடும்.

கறுப்புத் திரையைத் திறப்பது எப்படி?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, ஆங்கிலத்தில் சி, எம், டி என்ற மூன்று எழுத்துகளைத் தட்டுங்கள். 'கமாண்ட் ப்ராம்ப்ட்' என்று வரும், அதைத் திறங்கள். மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இதே வேலையைச் செய்வது 'டெர்மினல்'. இங்கே சொல்லப்போகும் கட்டளைகள் எல்லாம் விசாரிக்க மட்டுமே செய்யும். எதையும் அழிக்காது, மாற்றாது. அதனால் பயமே வேண்டாம்.

'பிங்' என்றால் என்ன?

அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ், 1983 டிசம்பரில் எழுதிய சின்ன புரோகிராம்தான் பிங். நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் கருவி ஓர் ஒலியை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்கும் அல்லவா? அந்த ஒலியின் பெயரையே இதற்கும் வைத்தார். இன்னொரு கம்ப்யூட்டரிடம் 'இருக்கியா?' என்று கேட்பதும், 'இருக்கேன்' என்ற பதில் வர எத்தனை மில்லி செகண்ட் ஆனது என்று அளப்பதும்தான் இதன் வேலை. ஆயிரம் மில்லி செகண்ட் சேர்ந்தால் ஒரு செகண்ட்.

ஆங்கிலத்தில் பி, ஐ, என், ஜி என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, முகவரியைத் தட்டி என்டர் அழுத்த வேண்டும். விண்டோஸில் நான்கு முறை கேட்டுவிட்டு அதுவே நின்றுவிடும். மேக், லினக்ஸில் தானாக நிற்காது. கன்ட்ரோல், சி இரண்டையும் சேர்த்து அழுத்தி நிறுத்த வேண்டும்.

இனி, உள்ளிருந்து வெளியே ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்கலாம்.

1. கம்ப்யூட்டர் சரியா?

பிங் 127.0.0.1 என்று கொடுங்கள். எந்தக் கம்ப்யூட்டரும் தன்னையே கூப்பிட்டுக்கொள்ளும் முகவரி இது. வைஃபை இல்லாவிட்டாலும் பதில் வர வேண்டும். வரவில்லை என்றால் கோளாறு கம்ப்யூட்டரின் நெட்வொர்க் மென்பொருளில் இருக்கிறது. இது அபூர்வம்.

2. ரவுட்டர் வரை போகிறதா?

முதலில் ரவுட்டரின் முகவரி தெரிய வேண்டும். விண்டோஸில் ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்று ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் தட்டி என்டர் கொடுங்கள். வரும் பட்டியலில் 'டீஃபால்ட் கேட்வே' என்ற வரிக்கு நேரே பாருங்கள். பல வீடுகளில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான முகவரி ஒன்றும் கூடவே இருந்தால் அதை விட்டுவிடுங்கள். உங்கள் கம்ப்யூட்டரின் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து அதற்கு முகவரியே கிடைக்கவில்லை என்று அர்த்தம். வைஃபையைத் துண்டித்து மறுபடி இணைத்துப் பாருங்கள்.

கேட்வே எண்ணுக்கு பிங் கொடுங்கள். ஒற்றை இலக்க மில்லி செகண்டில் பதில் வந்தால் வீட்டுக்குள் எல்லாம் நலம். ஒருமுறை 3, அடுத்த முறை 200 என்று தாவினாலோ, 'ரிக்வஸ்ட் டைம்ட் அவுட்' என்று வந்தாலோ சிக்கல் பெரும்பாலும் வீட்டுக்குள்தான். நடுவில் இருக்கும் கான்கிரீட் சுவர், தூரம், பக்கத்தில் ஓடும் மைக்ரோவேவ் அவன் எல்லாமே வைஃபையைக் கெடுக்கும். ரவுட்டருக்கு அருகில் போயோ, லேன் கேபிளை நேரடியாகச் செருகியோ பாருங்கள். சரியாகிவிட்டால், பிளானை மாற்றுவதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ரவுட்டரின் இடத்தை மாற்றினாலே போதும்.

3. வீட்டுக்கு வெளியே போகிறதா?

பிங் 8.8.8.8 கொடுங்கள். இது கூகுள் நடத்தும் பொது டிஎன்எஸ் சர்வரின் முகவரி. 2வது சோதனையில் ரவுட்டர் பதில் சொல்லி, இங்கே பதில் இல்லை என்றால், வெளியே போகும் லைனில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர்கள், பெட்டியில் 'லாஸ்' என்று குறித்த விளக்கைப் பாருங்கள். அது சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் ஒளி வரவில்லை. கேபிள் எங்கோ மடங்கியிருக்கலாம், அறுந்திருக்கலாம். இப்போது கம்பெனிக்கு போன் போடலாம்.

4. பெயர் சொன்னால் புரிகிறதா?

பிங் என்று தட்டி, எண்ணுக்குப் பதிலாக கூகுள் டாட் காம் என்ற பெயரை ஆங்கிலத்தில் கொடுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு மட்டும் 'குட் நாட் ஃபைண்ட் ஹோஸ்ட்' என்று வந்தால், குற்றவாளி டிஎன்எஸ். பெயரைச் சொன்னால் நம்பரைத் தேடித் தரும் டெலிபோன் டைரக்டரி மாதிரியான சேவை அது. லைன் நன்றாகவே இருக்கும், டைரக்டரிதான் தொலைந்திருக்கும். நெட்வொர்க் செட்டிங்ஸில் டிஎன்எஸ் முகவரியாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

விட்டு விட்டு வருகிறதா?

நாலு சோதனையும் பாஸ், ஆனாலும் வீடியோ காலில் குரல் வெட்டி வெட்டி வருகிறதா? பிங் 8.8.8.8 என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சின்னக் கோடு போட்டு ஆங்கில டி எழுத்தைச் சேருங்கள். விண்டோஸில் நீங்கள் நிறுத்தும் வரை கேட்டுக்கொண்டே இருக்கும். பத்து நிமிடம் ஓடவிட்டு, கன்ட்ரோல், சி அழுத்துங்கள். கடைசியில் வரும் 'லாஸ்ட்' என்ற கணக்கு, எத்தனை கேள்விக்குப் பதில் வரவில்லை என்று சொல்லும். அது 0 சதவிகிதமாக இருக்க வேண்டும். பத்தில் ஒன்று தொலைந்தாலே பேச்சு புரியாமல் போகலாம். ஆனால், யூடியூப் வீடியோவை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வதால் அதில் இந்தக் குறை தெரியாமல் போகலாம். 'யூடியூப் ஓடுதே, அப்புறம் என்ன?' என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

வேகமும் பிங்கும் ஒன்றல்ல

100 எம்பிபிஎஸ் என்பது குழாயின் அகலம். பிங் சொல்வது, போய்த் திரும்ப ஆகும் நேரம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டிலேயே சுமார் 2,900 கிலோமீட்டர். ஃபைபருக்குள் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்த் திரும்ப எப்படியும் 29 மில்லி செகண்ட் ஆகும். எவ்வளவு பெரிய பிளான் போட்டாலும் அதைக் குறைக்க முடியாது. கேம் ஆடும் பிள்ளைகள் பிளானை மாற்றச் சொல்லி நச்சரித்தால், இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்!

இதையும் கவனிங்க!

* சோதனைக்காக மொபைலையும் பார்க்கிறீர்களா? மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் வைஃபை படுத்தபோதும் சத்தமில்லாமல் டேட்டாவில் ஓடி, 'மொபைலில் வருதே!' என்று குழப்பும்.

* சில வெப்சைட்டுகள் பாதுகாப்புக்காக பிங் கேள்விக்குப் பதிலே சொல்லாது. ஒன்று பேசவில்லை என்பதற்காக லைனைக் குற்றம் சொல்லாமல், இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள்.

* 'கஸ்டமர் கேரிலிருந்து பேசுறேன், கறுப்புத் திரையைத் திறந்து நான் சொல்றதை டைப் பண்ணுங்க' என்று யாராவது தாங்களாகவே கூப்பிட்டால், உடனே போனை வையுங்கள். திரையில் ஓடும் சாதாரண எண்களைக் காட்டி, 'உங்க கம்ப்யூட்டரை ஹேக் பண்ணிட்டாங்க' என்று பயமுறுத்திப் பணம் பறிப்பது பழைய மோசடி. வீட்டுப் பெரியவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லிவையுங்கள்.

புகார் கொடுக்கும்போது...

'நெட் வரலை' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'கேட்வேக்கு பிங் 2 மில்லி செகண்டில் வருது, 8.8.8.8-க்குப் பதில் இல்லை, ராத்திரி 8 மணியிலிருந்து இப்படி' என்று சொல்லுங்கள். ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணும் சுற்று மிச்சமாகும். திரையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். புகாருக்கு டாக்கெட் நம்பர் கேட்டு வாங்குங்கள். தீர்வு கிடைக்காவிட்டால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகும்போது இந்த நம்பரும் ஸ்க்ரீன்ஷாட்டும்தான் உங்கள் பக்கம் பேசும்.

நெட் நன்றாக இருக்கும் ஒரு நாளில் இந்த நாலு சோதனையையும் செய்து, வரும் எண்களை ஒரு தாளில் எழுதி ரவுட்டர் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். மக்கர் பண்ணும் நாளில் எது மாறியிருக்கிறது என்று பார்த்தவுடனே தெரியும்.