பல்லுக்காக ஒரு முயலைச் சாகவிட வேண்டாம்

"முயலுக்குப் பல் வியாதி வந்தா பிழைக்காதும்மா. வீணா காசைக் கொட்டாதே." நான்கு வருடங்களுக்கு முன், எங்கள் முயல் வெள்ளைச்சி சாப்பாட்டைத் தொடாமல் மூலையில் ஒடுங்கிய நாளில், மும்பை மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்து மாமி இப்படிச் சொன்னார். செம்பூரிலிருந்து போனில் பேசிய அத்தையும் அதையேதான் சொன்னார். இருவரும் என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார்கள். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டிருந்தால் வெள்ளைச்சி அந்த மழைக்காலத்தைத் தாண்டியிருக்க மாட்டாள். "பிழைக்காது" என்ற தீர்ப்புக்குப் பின்னால் ஐந்து நம்பிக்கைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன்.

1. "காரட் கொடு, பல் தானே தேய்ஞ்சிடும்"

காரட்தான் முயலின் சாப்பாடு என்று நமக்குக் கற்றுக்கொடுத்தது கார்ட்டூன். உண்மையில் முயல் புல் தின்னும் பிராணி. அதன் வாயில் 28 பற்கள் உண்டு. நம் கண்ணில் படுவது முன்பற்கள் மட்டுமே. மேலே இரண்டு, கீழே இரண்டு. மேல் முன்பற்களுக்குப் பின்னால் குச்சிபோல் இரண்டு சிறு பற்கள் ஒளிந்திருக்கும். மீதி 22 பற்களும் கடைவாயில். வீட்டு எலிக்கு முன்பல் மட்டும்தான் ஆயுள் முழுக்க வளரும். முயலுக்கு 28 பற்களும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் வாரத்துக்கு 2 மில்லிமீட்டராவது வளர்ந்துவிடும்.

இந்த வளர்ச்சிக்கு ஈடுகொடுப்பது அரைப்புதான். புல்லை மெல்லும்போது முயலின் தாடை திரிகைக் கல்லைப்போல் பக்கவாட்டில் அரைக்கும். புல்லில் இருக்கும் சிலிக்கா கடைவாய்ப் பல்லை உரசித் தேய்க்கும். காரட்டுக்கு இந்த வேலை கிடையாது. நாலு கடியில் நொறுங்கி உள்ளே போய்விடும். அதிலுள்ள சர்க்கரை குடலையும் கெடுக்கும். கடையில் விற்கும் பெல்லட் தீனியை மட்டுமே போட்டு வளர்த்தாலும் இதே கதிதான். அரைபடாத கடைவாய்ப் பல்லின் ஓரம் ஊசிமுனையாகும். கீழ்வரிசை முனை நாக்கைக் கிழிக்கும், மேல்வரிசை முனை கன்னத்தைக் கிழிக்கும்.

உலர்புல்தான் முதல் வைத்தியம். ஒரு முயல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய புல்கட்டு தினமும் அதன் முன்னால் கிடக்க வேண்டும். மாட்டுங்காவில் பிள்ளையாருக்கென்று விற்கும் அறுகம்புல்லையும் நன்றாக அலசிப் பச்சையாகக் கொடுக்கலாம். வெள்ளைச்சிக்கு அதைவிடப் பிடித்தது எதுவும் இல்லை. மும்பை மழையில் உலர்புல் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். துணிப்பையில் காற்றுப்படத் தொங்கவிடுங்கள். முக்கல் வாடை வந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

2. "பல் நீண்டா நகவெட்டியால நறுக்கினாப் போதும்"

இதை நானும் நம்பினேன். முயலை வாங்கிய கடையிலேயே வெள்ளைச்சியின் முன்பல்லை நகவெட்டியால் நறுக்கினார்கள். 'டக்' என்று ஒரு சத்தம். இரண்டு நிமிட வேலை என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். அந்த நறுக்கில் பல் நெடுக்காக விரிசல் விட்டிருந்தது எனக்கு அப்போது தெரியவில்லை.

நகவெட்டி பல்லை நசுக்கி உடைக்கிறது. விரிசல் வேர்வரை ஓடலாம். அதன் வழியே கிருமி இறங்கினால் தாடையில் சீழ்க்கட்டி வரும். முயலின் சீழ் வழிந்தோடுகிற சீழ் அல்ல. பன்னீர்க்கட்டி மாதிரி இறுகியிருக்கும். கீறிவிட்டால் ஆறிவிடும் என்ற கணக்கு அதனிடம் செல்லாது. தெரிந்த மருத்துவர் சுழலும் பல்கருவியால், நாக்கிலும் உதட்டிலும் படாமல், பல்லை ராவிச் சமன் செய்வார்.

இன்னொன்றும் உண்டு. முன்பல் நீள்வது பல நேரங்களில் கடைவாய்க் கோளாறின் வெளி அடையாளம்தான். கண்ணில் ஓயாமல் நீர் வடிந்தால், மேல்பல்லின் வேர் வளர்ந்து கண்ணீர்க் குழாயை அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். எக்ஸ்ரே இல்லாமல் இது தெரியாது.

3. "வலிச்சா கத்தாதா? நாளைக்குச் சாப்பிடும்"

கத்தாது. முயல் வேட்டையாடப்படும் பிராணி. வலியைக் காட்டிக்கொடுத்தால் பருந்துக்கோ நரிக்கோ முதல் இரையாகிவிடும் என்பது அதன் ரத்தத்தில் ஊறியது. அதனால் அடையாளங்களை நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும். முகவாயும் முன்கால் ரோமமும் எச்சிலில் நனைந்திருக்கும். ஆசையாக உணவை நோக்கி வரும், வாயில் வைக்கும், கீழே போட்டுவிடும். புழுக்கை சிறுக்கும், குறையும். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவதுதான் பல நேரங்களில் முதல் எச்சரிக்கை.

தாராவி தொண்ணூறடி ரோட்டிலிருந்து தெரிந்த பையன் ஒருவன் ஒரு நாள் காலையில் போன் செய்தான். "அக்கா, முசலு நேத்து மதியத்துல இருந்து ஒண்ணும் திங்க மாட்டேங்கு. நாளைக்குப் பாத்துக்கலாம்னு அம்மை சொல்லுதா." நாளைக்கு என்ற பேச்சே கூடாது, இப்போதே தூக்கிக்கொண்டு கிளம்பு என்றேன். முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய இயந்திரம். 12 மணி நேரம் எதுவும் தின்னாவிட்டால் அவசரநிலை. குடல் நின்று வாயு சேரும். வாயு தரும் வலியில் இன்னும் தின்னாது. பட்டினி நீண்டால் கல்லீரலில் கொழுப்பு ஏறும். பல்லில் தொடங்குவது வயிற்றில் போய்க் கொல்கிறது. "பல் வியாதி வந்தால் பிழைக்காது" என்று ஊர் சொல்வதற்குக் காரணம் இந்தக் காத்திருப்புதான்.

4. "மயக்க மருந்து கொடுத்தா போயிடும்"

இந்தப் பயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். பிரிட்டனில் நடந்து 2008-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், மயக்க மருந்தை ஒட்டி இறந்த நாய்கள் 0.17 சதவீதம், முயல்கள் 1.39 சதவீதம். நாயைவிட முயலுக்கு ஆபத்து அதிகம்தான். ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: நூற்றுக்கு 98-க்கும் மேலானவை எழுந்திருக்கின்றன. நோய் முற்றாத முயல்களில் இறப்பு 0.73 சதவீதம்தான். காலம் கடத்தினால்தான் மயக்க மருந்தின் ஆபத்தும் கூடுகிறது.

அந்த ஆய்வில் இறந்த முயல்களில் பாதிக்கு மேல் இறந்தது மேசைமேல் அல்ல, சிகிச்சை முடிந்த பிறகு. அந்த நேரத்தில் நம் கவனிப்புக்குப் பெரிய வேலை இருக்கிறது. மருத்துவரிடம் முன்கூட்டியே நாலு கேள்வி கேளுங்கள்: முயல்களுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழக்கம் உண்டா, விழிக்கும்வரை உடல்சூட்டைக் காப்பார்களா, வலிமருந்து தருவார்களா, எப்போது உணவு கொடுக்கலாம்? நாய்க்குச் சொல்வதுபோல் முயலையும் இரவு முழுக்கப் பட்டினி போடச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது. அந்தப் பட்டினியில் நன்மை இல்லை, குடல் நிற்கும் அபாயம்தான் உண்டு. எந்த ஆன்டிபயாடிக் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நாம் சாதாரணமாக விழுங்கும் அமாக்சிசிலின் முயலின் வாய்வழி போனால் குடலின் நல்ல நுண்ணுயிர்களைக் குலைத்து உயிரையே எடுக்கலாம். வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

5. "சில நூறு ரூபாய் முயலுக்கு இவ்வளவு பாடா? அதுக்கும் சித்திரவதை"

செலவு உண்டு. கடைவாய்க் கோளாறு பெரும்பாலும் ஒரே தடவையில் தீராது. சில வாரங்களுக்கோ சில மாதங்களுக்கோ ஒருமுறை ராவ வேண்டியிருக்கும். பிறவியிலேயே முன்பல் கோணியிருந்தால் ஆறு முன்பற்களையும் எடுத்துவிடுவதும் உண்டு. அதற்குப் பிறகும், நறுக்கிப் போட்ட கீரையை உதட்டாலேயே பிடித்துத் தின்று முயல்கள் நன்றாக வாழ்கின்றன. முயல் எட்டு, பத்து வருடம் இருக்கக்கூடிய உயிர். வாங்கிய விலையை வைத்து அந்த வருடங்களை அளக்க முடியாது. நம் பொறுப்பிலுள்ள பிராணிக்குத் தேவையற்ற வலி நேராமல் பார்ப்பது நம் கடமை என்று 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமே சொல்கிறது; அது விலை பார்க்கவில்லை. வலியோடு பட்டினியில் விட்டுவிடுவதுதான் சித்திரவதை.

பாடு என்பது உண்மையில் என்ன? வெள்ளைச்சியின் சிகிச்சை முடிந்த இரவைச் சொல்கிறேன். அட்டைப்பெட்டியில் பழைய புடவை, ஓரத்தில் துண்டு சுற்றிய வெந்நீர்ப் புட்டி. புல் பெல்லட்டை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கூழாகக் கரைத்தேன். அவளைத் துண்டில் சுற்றி, மல்லாத்தாமல், மடியில் உட்கார வைத்தேன். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. அங்கே பக்கவாட்டில் சிரிஞ்சு முனையை வைத்து ஒரு மில்லி விட்டேன். அவள் மென்று விழுங்கியதும் இன்னொரு மில்லி. அவசரப்பட்டால் புரை ஏறும். எடைக்கேற்ற அளவை மருத்துவர் சொல்லியிருந்தார். வயிறு உப்பி இறுகியிருந்தால் புகட்டாமல் உடனே கொண்டுவரச் சொல்லியும் இருந்தார். வலிமருந்தை நேரம் தவறாமல் கொடுத்தேன். செய்தித்தாளில் விழுந்த புழுக்கையை எண்ணி எழுதினேன். முதல் நாள் நாலு. மறுநாள் பதினொன்று. மூன்றாம் நாள் விடியற்காலையில் பெட்டிக்குள்ளிருந்து சரசரவென்று உலர்புல் அரைபடும் சத்தம் கேட்டது.

மூன்று நாள் தூக்கம் போனது. அதற்கு வெள்ளைச்சி தந்தது நான்கு வருடம். இன்னும் எங்கள் பால்கனியில் அறுகம்புல் தின்றுகொண்டிருக்கிறாள்.

ஆகவே, அடுத்த முறை யாராவது முயல் சாப்பிடவில்லை என்று உங்களிடம் வந்தால், "பிழைக்காது" என்று சொல்லிவிடாதீர்கள். "கடைசியா எப்போ சாப்பிட்டது?" என்று கேளுங்கள். பதிலைக் கேட்டதும் கூடவே எழுந்து மருத்துவரிடம் போங்கள்.