நமக்கு என்ன வேண்டும் என்று முதலில் நாம் யோசித்தோமா?

பெற்றோருக்கு,

பத்தாம் வகுப்பு முடிவு வந்துவிட்டால் போதும், எல்லார் வீட்டிலும் ஒரே பேச்சு: எந்த குரூப்? கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் சேர்ந்த ஃபர்ஸ்ட் குரூப்தான் வேண்டும் என்று பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். டாக்டருக்கும் போகலாம், இன்ஜினியருக்கும் போகலாம், எதற்கு ஒரு பக்கத்தை அடைக்க வேண்டும் என்பது கணக்கு. அதற்கு நடுவே சம்பிரதாயத்துக்குப் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேட்போம், “உன் லட்சியம்தான் என்னப்பா?” என்று. பதினைந்து வயதுப் பிள்ளை அதே நொடியில் பதில் சொல்லிவிட வேண்டும். திணறினால், “இந்த வயசுல ஒரு லட்சியம்கூட இல்லையா?” என்று அதற்கும் திட்டு.

நான் உங்களைக் கேட்கிறேன். அந்தக் கேள்வியை உங்களிடமே நீங்கள் கடைசியாகக் கேட்டுக்கொண்டது எப்போது?

பிளஸ் ஒன் சேர்க்கைக்கு வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் ஒரு தகப்பனும் மகளும் நின்றிருந்தார்கள். மூன்று செட் ஜெராக்ஸ், மாற்றுச் சான்றிதழ், போட்டோ என்று எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கிக் கொண்டுவந்திருந்தார் அந்த மனிதர். விண்ணப்பத்தைப் பார்த்த அலுவலக அம்மா, “கணக்குப்பதிவியல் போட்டிருக்கே, காமர்ஸா?” என்றார். “தெரியாம போட்டுடுச்சு மேடம். ஃபர்ஸ்ட் குரூப்னு மாத்திக்குங்க. 476 வாங்கிட்டு யாராவது காமர்ஸ் எடுப்பாங்களா?” என்றார் தகப்பன். அந்தப் பெண் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே நின்றாள். தெரியாமல் எழுதிய எழுத்து இல்லை அது. கட்டத்துக்குள் நிறுத்தி நிதானமாக எழுதியிருந்தாள்.

அவர் கெட்டவரில்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டு, மகள் நன்றாக இருக்க வேண்டும் என்று வந்து நின்றவர்தான். என் சண்டை அந்த ‘நன்றாக இருக்க வேண்டும்’ என்பதோடுதான். அதற்குள் என்ன இருக்கிறது என்று நாம் ஒருநாளும் பிரித்துப் பார்ப்பதில்லை. பணமா? ஊரில் மரியாதையா? அண்ணன் வீட்டுப் பிள்ளையைவிட ஒரு படி மேலே நிற்பதா? நிம்மதியா? நேர்மையா? எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி வைத்துக்கொண்டு, அதற்கு ‘பிள்ளையின் எதிர்காலம்’ என்று பெயர் சொல்லிவிடுகிறோம்.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கல்வியியல் கல்லூரியைச் சேர்ந்த ஒரு குழு 2014-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 33 பள்ளிகளில் படிக்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம், சாதிப்பது, மகிழ்ச்சியாக இருப்பது, பிறர்மேல் அக்கறை காட்டுவது ஆகிய மூன்றில் உனக்கு எது முக்கியம் என்று கேட்டிருந்தார்கள். ஏறக்குறைய 80 சதவீதம் பேர் முதல் இரண்டில் ஒன்றைத்தான் சொன்னார்கள். என்னை உலுக்கியது அது இல்லை. “நான் பிறருக்கு உதவுகிறவனாக இருப்பதைவிட நல்ல மார்க் வாங்கினால்தான் என் பெற்றோர் அதிகம் பெருமைப்படுவார்கள்” என்ற வாக்கியத்தை மறுத்தவர்களைப்போல மூன்று மடங்கு பேர் ஆமோதித்திருந்தார்கள். இத்தனைக்கும் நல்ல குணமுள்ள பிள்ளையாக வளர்ப்பதே முக்கியம் என்றுதான் அந்த நாட்டுப் பெற்றோர்களும் ஆய்வுகளில் சொல்லிவருகிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் வாய் சொன்னது பிள்ளையின் காதில் விழவில்லை, வீட்டில் தினமும் நடந்ததுதான் விழுந்திருக்கிறது.

நம் வீட்டில் என்ன நடக்கிறது? “நல்ல மனுஷனா வந்தா போதும்” என்று விருந்தாளிகளிடம் சொல்கிறோம். அதே பிள்ளை, காய்ச்சலில் படுத்த நண்பனுக்குத் தன் நோட்டைக் கொடுத்துவிட்டு வந்தால், “நாளைக்கு டெஸ்டை வச்சுக்கிட்டு அவனுக்கு ஏன் குடுத்தே?” என்று பாய்கிறோம். பொய் பேசாதே என்போம். டிக்கெட்டை மிச்சம் பிடிக்க, “கண்டக்டர் கேட்டா நாலு வயசுன்னு சொல்லு” என்று ஏழு வயதுப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்போம். பேப்பர் திருத்திக் கொடுத்த அன்று நம் முதல் கேள்வி “எவ்வளவு?”, இரண்டாவது “ஃபர்ஸ்ட் மார்க் எவ்வளவு?” மூன்றாவதாக ஒரு கேள்வி நம்மிடம் இருக்கிறதா?

பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதைத் தமிழக அரசு 2017-இல் நிறுத்தியது. பிள்ளைகளின் மனஅழுத்தம் குறையட்டும் என்றுதான். அரசு விட்டதை நாம் விட்டோமா? தெருமுனை பிளக்ஸும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. நம்மைக் கட்டாயப்படுத்த இன்று ரேங்க் பட்டியல் இல்லை. அதனால் இதில் பழிபோட வேறு யாரையும் தேடாதீர்கள்.

“இதெல்லாம் வசதி உள்ளவங்க பேசற பேச்சு. எங்க குடும்பம் தலையெடுக்கணும்னா இவன் படிச்சாத்தான் உண்டு” என்று சிலர் சொல்வீர்கள். அதை நான் முழு மனதோடு மதிக்கிறேன். படிப்பு ஒன்றே கையைப் பிடித்துத் தூக்கிவிட்ட குடும்பங்கள் நம் நாட்டில் ஏராளம். டாக்டர் ஆசையும் தப்பில்லை. அப்படியென்றால் அதை மறைக்காமல் பிள்ளையிடம் சொல்லுங்கள். “நம்ம வீட்டுக் கடன் இவ்வளவு, எனக்கு நிலையான சம்பளம் முக்கியமா படுது, உனக்கு எது முக்கியம்?” என்று பேசுங்கள். பேச ஆரம்பித்தால் இரண்டு வழிக்கு மேல் இருப்பது தெரியவரும். காமர்ஸ் படித்துவிட்டு ஆடிட்டருக்குப் போகலாம். பிளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டு சட்டப்படிப்பு இருக்கிறது. பத்தாவது முடித்தவுடன் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ முடித்து, நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். வழி எதுவாக இருக்கட்டும், எதற்காகப் போகிறோம் என்பது வீட்டில் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் நீட் தேர்வில் 720-க்கு இத்தனை எடு என்று மட்டும் சொன்னால், மார்க் குறைந்த அன்று அந்தப் பிள்ளையிடம் பற்றிக்கொள்ள வேறு ஒன்றும் இருக்காது. எனக்குப் பயமாக இருப்பது அந்த நாளை நினைத்துத்தான்.

பரிசு காட்டி இழுப்பதும் இதே தவறின் இன்னொரு முகம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வு 1973-இல் வெளியானது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி, அப்படியே கொடுத்தார்கள். ஓரிரு வாரம் கழித்து யாரும் எதுவும் சொல்லாதபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைப்போலப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். இருந்த ஆசையும் குறைந்துவிட்டது. “ஃபர்ஸ்ட் வந்தா போன் வாங்கித் தரேன்” என்று சொல்வதற்கு முன் இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

இனி நம் பங்குக்கு வருகிறேன். “எல்லாம் உனக்காகத்தான்” என்கிறோமே, அது பிள்ளையின் தலையில் எவ்வளவு பெரிய பாரம் தெரியுமா? பாட்டை நிறுத்தினேன், வேலையை விட்டேன், ஷட்டில் மட்டையைப் பரணில் போட்டேன் என்று நாம் அடுக்க அடுக்க, அத்தனைக்கும் சேர்த்து அந்தப் பிள்ளை மார்க் எடுத்தாக வேண்டியிருக்கிறது. தனக்கென்று ஓர் இலக்கும் இல்லாத அப்பாவும் அம்மாவும் பிள்ளைக்கு இலக்கைப் பற்றி எதைக் கற்றுக்கொடுக்க முடியும்?

இந்த ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். கணவனும் மனைவியும் தனித்தனியாக. ஒருவர் எழுதுவதை மற்றவர் எட்டிப் பார்க்க வேண்டாம். வாழ்க்கையில் எனக்கு எது பெரிது என்று மூன்றே விஷயம் எழுதுங்கள். பிறகு போன மாதத்து வங்கிக் கணக்கையும் ஜிபே பட்டியலையும் எடுத்து, பணமும் நேரமும் எதற்குப் போயிருக்கின்றன என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். உடம்புதான் முக்கியம் என்று எழுதியவர் ஒரு நாளாவது நடந்தாரா? குடும்பம்தான் எல்லாம் என்றவர் எத்தனை நாள் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார்? உங்கள் எழுத்துக்கும் உங்கள் கணக்குக்கும் பொருந்தாத இடம் கண்டிப்பாக இருக்கும். அது உறுத்தட்டும், அவசரமாகச் சமாதானம் தேடாதீர்கள்.

அந்த உறுத்தலிலிருந்து ஒரே ஓர் இலக்கை எடுத்துக்கொள்ளுங்கள், சின்னதாக. ‘இனி அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்வேன்’ என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. ‘புதன்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு, சாப்பிட உட்காரும் முன் ஊருக்கு போன் போடுவேன்’ என்று எழுதுங்கள். எப்போது, எங்கே, எப்படி என்பதையும் சேர்த்து முடிவு செய்கிறவர்கள் நினைத்ததை முடிக்கும் வாய்ப்பு அதிகம் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். 2006-இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் அதுவே தெரிந்தது. ஒரு மாதம் கழித்து அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். நடக்கவில்லையென்றால் இலக்கை மாற்றுங்கள். பிள்ளை பார்க்கும்படியே மாற்றுங்கள், ஒளிக்க வேண்டாம்.

அதற்குப் பிறகு பிள்ளையிடம் போங்கள். முதலில் உங்கள் தாளைப் படித்துக் காட்டுங்கள். வேண்டுமானால் நீயும் எழுது என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்துவிட்டு எழுந்துவிடுங்கள். தலைமாட்டில் நிற்காதீர்கள், எழுத்துப்பிழை திருத்தாதீர்கள், சித்தப்பாவுக்கு போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள். எழுதியதை அவளாகவே காட்டினால் பாருங்கள். காட்டவில்லையென்றால் அவள் பள்ளிக்குப் போன நேரத்தில் பையைத் துழாவ வேண்டாம். அடுத்த மாதம் மறுபடி உங்கள் தாளோடு உட்காரும்போது அவளையும் கூப்பிடுங்கள்.