எழுபதாம் நாளும் பிள்ளைக் காம்பராவும்

குழந்தையை எந்த வயதிற் பிறர் பராமரிப்பில் விடலாம் என்னும் வினா கற்றோர் மத்தியில் அடிக்கடி எழுகின்றது. ஆறு மாதமா, ஓராண்டா, மூன்றாண்டா என வாதிடுவோர் யாவரும் ஒன்றைச் சொல்லாமலே ஏற்றுக்கொள்கின்றனர்: தீர்மானிப்பவள் தாய் என்பதே அது. மாத்தளை மாவட்டத்தின் எல்கடுவை, இரத்தோட்டை, கம்மடுவைப் பகுதித் தோட்டங்களில் இவ்வெடுகோள் நிலைக்காது. அங்கே நாள் முன்னரே குறிக்கப்பட்டுவிட்டது. குழந்தை பிறந்து எழுபது நாள் கழிந்ததும் தாய் பிரட்டுக்களத்தில் நிற்கவேண்டும். குழந்தை பிள்ளைக் காம்பராவுக்குப் போகவேண்டும்.

இவ்வெழுபது நாட் கணக்கை வகுத்தது 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். பிரசவத்துக்கு முன் இரண்டு வாரம், பின் பத்து வாரம், ஆகப் பன்னிரண்டு வாரம். இதுவும் முதலிரு பிள்ளைகளுக்கே உரியதாயிருந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை, மூன்றாம் பிள்ளையைப் பெற்றவளுக்கு ஆறு வாரமே கிடைத்தது. அதிற் பிரசவத்தின் பின் எஞ்சியது நான்கு வாரம். மூன்றாவதாகப் பிறந்த சிசு முதலிரண்டினும் உரம்பெற்றுப் பிறக்கும் என எந்த மருத்துவ நூல் கூறிற்று என்பதைச் சட்டம் இயற்றியோரே விளக்கியிருக்கவேண்டும்.

மாத்தளை நகரில் அரச பாடசாலையொன்றிற் கற்பிக்கும் ஆசிரியையின் நிலை வேறு. 84 வேலை நாட்கள் முழுச் சம்பளத்துடனும், அதன்மேல் 84 நாட்கள் அரைச் சம்பளத்துடனும், மேலும் 84 நாட்கள் சம்பளமின்றியும் அவர் விடுமுறை பெறலாம். இது ஒன்பது மாதத்துக்கும் மேற்பட்ட காலம். அது அவருக்கு உரியதே, குறைக்கவேண்டும் என்பாரில்லை. ஆனால் ஆறு மாதம்வரை தாய்ப்பாலன்றி வேறெதுவும் ஊட்டற்க என்று மருத்துவமாது இரு தாய்மாருக்கும் ஒரே அறிவுரையைத்தான் கூறுகின்றார். ஒருத்திக்கு அது அறிவுரை. மற்றவளுக்கு அது பரிகாசம்.

இந்நிலையிற் பழி மட்டும் தாயின் தலையிலேயே விழுகின்றது. பச்சைப் பாலகனை ஆயாவிடம் விட்டுச் செல்லும் அறியாமை என்பர் சிலர். வேறு சிலர் உளவியலைத் துணைக்கழைப்பர். ஜோன் பௌல்பி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கை இவ்வகையிற் பெரிதும் எடுத்தாளப்படுகின்றது. அவ்வறிக்கை வீடிழந்து, பெற்றோரைப் பிரிந்து, விடுதிகளில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றியது. மாலையில் தாயின் இடுப்பேறி லயத்துக்குத் திரும்பும் பிள்ளையைப் பற்றியதன்று. மேற்கோள் காட்டுவோர் மூலத்தை வாசித்தல் நன்று.

சட்டம் ஒரு சலுகையும் தருகின்றது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்ட ஒன்பது மணி நேரத்துள் இரு இடைவேளைகள். பராமரிப்பு நிலையம் இருப்பின் ஒவ்வொன்றும் முப்பது நிமிடத்திற் குறையலாகாது. ஏட்டளவில் இது நன்றே. ஆனால் மலைச்சரிவின் நிரையிலிருந்து காம்பராவுக்கு இறங்கப் பத்து நிமிடம், ஏறப் பதினைந்து நிமிடம் என்றால், பாலுக்கு எஞ்சுவது ஐந்து நிமிடம். அதற்கும் மேல் தராசு இருக்கின்றது. குறித்த கிலோ நிறையாவிட்டால் முழுப்பேர் இல்லை, அரைப்பேர்தான். பாலூட்டும் தாய்க்கு அந்நிறையைக் குறைக்குமாறு சட்டம் எங்கும் பணிக்கவில்லை. சட்டம் கொடுத்த நேரத்தைத் தராசு திரும்பப் பெற்றுக்கொள்கின்றது.

பிள்ளையின் நலன் கருதியே அரசு இயங்குகின்றது என நம்புவோர் இன்னொன்றையும் நோக்கவேண்டும். 2013இல் வெளிநாட்டு வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண்களுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமாக்கப்பட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடையோர் தடுக்கப்பட்டனர். தாயின் அரவணைப்பே காரணமாகக் காட்டப்பட்டது. 2022இல் டொலர் வற்றியபோது அவ்வயதெல்லை இரண்டாகக் குறைந்தது. அவ்வொன்பதாண்டில் மாறியது பிள்ளையின் தேவையன்று, திறைசேரியின் தேவை. அக்காலம் முழுவதும் எல்கடுவையிற் கொழுந்தெடுப்பவளுக்கு எழுபது நாள் எழுபது நாளாகவே இருந்தது.

பன்னிரண்டு வாரத்துக்கு மேல் கொடுத்தால் தேயிலைத் தொழில் தாங்காது என்பது வழமையான மறுப்பு. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின்படி மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்கள் பல நீலகிரியில், தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களிற் குடியமர்த்தப்பட்டன. இந்தியாவின் மகப்பேற்றுச் சட்டம் தோட்டங்களையும் உள்ளடக்குவது. 2017இல் அது முதலிரு பிள்ளைகளுக்கு விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. (மூன்றாம் பிள்ளைக்குப் பன்னிரண்டே, அக்குறை அங்கும் உண்டு.) கடலுக்கு அப்பால் அக்காள், இப்பால் தங்கை, கொழுந்து ஒன்றே, கூடை ஒன்றே. பதினான்கு வார வேறுபாட்டுக்குத் தேயிலைச் செடி காரணமாகாது.

இதனாற் பிள்ளைக் காம்பராவை இழுத்து மூடுக என்பது பொருளன்று. அது தோட்டப் பெண்ணுக்கு இன்றியமையாதது. ஒரு வயதுப் பிள்ளை அங்கே வேளைக்கு உண்டு, பிற பிள்ளைகளுடன் ஓடி விளையாடி, நன்கு வளரலாம். காம்பரா கெட்டதன்று, பத்து வாரச் சிசுவை அதற்குட் செலுத்தும் நிர்ப்பந்தமே கெட்டது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கிற் குரலெழுப்பிய தொழிற்சங்கங்கள் அதே உரப்புடன் 26 வார விடுப்பையும், பாலூட்டுவோருக்குக் குறைந்த நிறையையும் கேட்கவேண்டும். செலவு முழுவதும் தொழில்வழங்குனர் தலையிலேயே விழுகின்றது என்னும் முறைப்பாட்டில் நியாயமுண்டு. அதற்கு வழி பொது நிதியம் ஒன்றை அமைத்தல், பாலைக் குறைத்தலன்று. 1992இற் பெருந்தோட்ட நிர்வாகம் தனியார்க்குக் கைமாறத் தொடங்கிய பின்னும், எல்கடுவைத் தோட்டக் கம்பனி அரசுடைமையாகவே எஞ்சியுள்ளது. ஆகவே அங்கு தொடங்குவதற்குப் பாராளுமன்றம் கூடவும் வேண்டியதில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.