வாசல் எந்தத் தெருவைப் பார்த்து?

நாகர்கோவிலில் மூன்று தலைமுறையாகக் கல்லூரிக்குப் போன வீடு ஒன்றில், டிரங்குப் பெட்டியைத் திறந்து பட்டச் சான்றிதழ்களை வரிசையாகப் பரப்பினால் ஒரு வேடிக்கை தெரியும். கல்லூரியின் பெயர் ஒன்றாகவே இருக்கும்; பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் மாறிக்கொண்டே வரும். 1893இல் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி கல்லூரியானபோது சென்னைப் பல்கலைக்கழகம். 1937இல் திருவிதாங்கூருக்கென்று தனிப் பல்கலைக்கழகம் வந்ததும் அது. 1956 நவம்பரில் குமரி தமிழகத்தோடு இணைந்தபின் மறுபடி சென்னை. 1966இல் மதுரை. 1990இலிருந்து நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். பெயர் நான்கு முறை மாறியும் ஒன்று மட்டும் மாறவில்லை. பல்கலைக்கழக நூலகம் எப்போதும் வேறு ஊரில்தான்.

இன்று ஆய்வு மாணவி ஒருத்திக்குப் பழைய சஞ்சிகையின் ஒரு பக்கம் வேண்டுமென்றால் வடசேரியில் பஸ் ஏற வேண்டும். திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் இறங்கித் தென்காசிச் சாலையில் அபிஷேகப்பட்டிக்கு இன்னொரு பஸ். போய்ச் சேர்ந்து அட்டையைக் காட்டிப் புத்தகத்தைக் கையில் வாங்கும்போது திரும்பும் பஸ்ஸின் நேரம் மனத்தை அரிக்கத் தொடங்கியிருக்கும். குறிப்பில் ஓர் ஆண்டு எண்ணைத் தப்பாக எழுதிக்கொண்டு வந்துவிட்டால் இன்னொரு நாள் போயிற்று. கொல்லங்கோட்டிலிருந்தும் குலசேகரத்திலிருந்தும் வருகிறவர்களுக்கு அந்தப் பயணம் அதனினும் நீளம்.

மாவட்டத்துக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். நாங்கள் கேட்பது அதைவிடச் சிறியது, அதைவிட அவசரமானது. முதலில் நூலகத்தைக் கட்டுங்கள். நாற்கரச் சாலை ஓரத்தில் பத்து ஏக்கர் வளைத்து வேலி போட்டு அல்ல. நாகர்கோவில் ஊருக்குள்ளே, மணிமேடையிலிருந்து நடந்து போகும் தூரத்தில். பல்கலைக்கழகமும் மாவட்ட நூலக ஆணைக்குழுவும் சேர்ந்தே கட்டலாம். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டுகிறோம். பல்கலைக்கழகத்துக்கும் நம் பிள்ளைகள்தான் கட்டணம் கட்டுகிறார்கள். இரண்டு பணமும் ஒரே கூரைக்குள் வந்தால் என்ன குறைந்துவிடும்? அமெரிக்காவில் சான் ஹோசே நகரமும் அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஊரின் நடுவில் கட்டிய நூலகம் 2003இல் திறக்கப்பட்டது. இங்கிலாந்தில் வூஸ்டர் என்ற பழைய தேவாலய நகரத்தில் 2012இல் இதே ஏற்பாடு. பக்கத்திலேயே பார்க்க வேண்டுமானால் திருவனந்தபுரம் இருக்கிறது. கேரளப் பல்கலைக்கழகத்தின் துறைகள் பலவும் காரியவட்டத்துக்குப் போன பின்னும் அதன் நூலகம் பாளையத்தை விட்டு நகரவில்லை.

ஊருக்குள் கட்டு என்று சொல்வது எளிது. எந்த ஊருக்குள்? நாகர்கோவிலின் பழைய பகுதி என்றதும் நம்மவர்களுக்கு நாகராஜா கோயில், கோட்டாறு கம்போளம், சவேரியார் கோயில், 1820இல் சார்லஸ் மீட் அச்சகம் நிறுவிய மிஷன் வளாகம் என்று பெருமையாகப் பட்டியல் வரும். பெருமைப்பட வேண்டியவைதான். நாகராஜா கோயில் தூண்களில் பார்சுவநாதரும் மகாவீரரும் இன்றும் இருக்கும் ஊர் இது. ஆனால் நம் பழைய தெருக்களுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1926இல் சுசீந்திரத்தில் சத்தியாகிரகம் நடந்தது கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லோரும் நடக்கும் உரிமை கேட்டு. 1936 நவம்பர் 12ஆம் தேதி ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரும்வரை நாஞ்சில் நாட்டில் தெரு என்பதே ஆள் பார்த்துத் திறந்த ஒன்று. அதற்கும் முன்பு, நம் மாவட்டத்தின் மிகப் பழைய உயர்கல்வி நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறை அருகே பார்த்திவசேகரபுரத்தில் நிறுவிய சாலை. செப்பேடு கணக்காகச் சொல்கிறது: மாணவர் தொண்ணூற்றைந்து பேர், வேதக் கிளை வாரியாக 45, 36, 14. உணவு உண்டு, ஒழுங்குவிதி உண்டு, சண்டை போட்டால் தண்டமும் உண்டு. தொண்ணூற்றாறாவது ஆளுக்கு இடமில்லை. அந்த மூன்று கிளைக்கும் வெளியே பிறந்தவனுக்குக் கேள்வியே இல்லை.

ஆகவே இந்த மண்ணில் பழைய ஊரின் நடுவே நூலகம் வரைய உட்காரும் கட்டடக் கலைஞர் முதல் கோட்டைப் போட வேண்டியது வாசலுக்கு. அது தெருவைப் பார்த்துத் திறக்க வேண்டும். இன்றைய கட்டடங்களில் முதலில் மதில், பிறகு இரும்புக் கேட், பிறகு காவலர் கூண்டு, பிறகு வாகன நிறுத்தம், அதன்பின் படிக்கட்டு, கடைசியில் கதவு. இத்தனையையும் தாண்டி வருகிறவர் ஏற்கெனவே துணிச்சல் உள்ளவராக இருக்க வேண்டும். கம்போளத்தில் சுமை இறக்கிவிட்டுப் பேப்பர் பார்க்க நினைப்பவர், மகளுக்குப் போட்டித் தேர்வுப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்க வரும் மீன்காரம்மா, இவர்கள் அந்தக் கேட்டிலேயே திரும்பிவிடுவார்கள். நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளில் தெருவை ஒட்டிப் படிப்புரை இருக்கும். முன்பின் தெரியாதவரும் மழைக்கு ஒதுங்கலாம், உட்காரலாம். நூலகத்துக்கும் அப்படி ஒன்று போதும். தெரு மட்டத்தில், அட்டை கேட்காத, நாளிதழ்களும் சிற்றிதழ்களும் கிடக்கும் நீளமான படிப்புரை. சோதனையும் பதிவேடும் அதற்கு உள்ளே, புத்தக அடுக்குகள் தொடங்கும் இடத்தில் இருந்தால் போதும்.

இனி முகப்பு. பொதுக் கட்டடம் என்றதும் பத்திரிகையில் வருவது முகப்பின் வண்ணப்படம் ஒன்றே. பழைய ஊர் என்பதால் ‘மரபு சார்ந்த’ முகப்பு என்பார்கள். கான்கிரீட் பெட்டியின் நெற்றியில் ஒரு சிறு கோபுரமோ, ஓடு வேய்ந்தது போன்ற சிமெண்டுச் சரிவோ ஒட்டப்படும். யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நினைக்காமல் இதைப் பேச முடியாது. சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் வி.எம். நரசிம்மன் திராவிடச் சாயலில் வரைந்த அந்த வெள்ளைக் கட்டடம் 1959 அக்டோபரில் திறக்கப்பட்டது. 1981 மே 31 இரவு எரிக்கப்பட்டது. போனவை ஏறத்தாழ 97,000 நூல்கள். பின்னர் எரிந்த கூட்டை அப்படியே சாட்சியாக விடுவதா, பழையபடி எழுப்புவதா என்று வழக்காடினார்கள். எழுப்பினார்கள், கூரைக் கும்மட்டம் திரும்ப வந்தது. ஏடுகள் வரவில்லை. முகப்பைத் திரும்பக் கட்டிவிடலாம் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டாம். ஈழத்து எழுத்துகளை இணையத்தில் சேர்க்க 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ திட்டம்தான் அந்த இழப்புக்குக் கிடைத்த உருப்படியான பதில் என்பது எங்கள் எண்ணம். நம்மிடமும் அழகியபாண்டிபுரம் பெரியவீட்டு முதலியார் ஓலைகள் போன்றவை உண்டு. நாஞ்சில் நாட்டு வரலாற்றை எழுத வருகிற எவரும் அவற்றைத் தொடாமல் எழுத முடியாது. வில்லுப்பாட்டு ஏடுகள் எத்தனை வீட்டுப் பரணில் கிடக்கின்றனவோ. அவற்றைப் படம் பிடிக்கும் அறை கட்டடத்தின் வரைபடத்தில் முதல் நாளே இருக்க வேண்டும். பிறகு மாடிப்படிக்கு அடியில் ஒரு மூலையை ஒழித்துக் கொடுக்கும் வேலை ஆகாது.

மரபிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாமா என்றால், வேண்டும், ஒட்டிக்கொள்ளத்தான் வேண்டாம். தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை நிற்கிறது. குமரி மண்ணில் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில். மந்திரசாலைக்குக் குறுகலான மரப்படியில் ஏறி ஜன்னலோரம் நின்று பாருங்கள். மரச்சட்டங்கள் வெளிப்பக்கமாகச் சரிந்து, ஒன்றின் கீழ் ஒன்றாக, விரலிடை விட்டு அடுக்கப்பட்டிருக்கும். மேலிருந்து விழும் வெயில் சட்டத்தில் பட்டுத் திரும்பும். சாரல் உள்ளே ஏறாமல் வழிந்துவிடும். காற்று மட்டும் கீழிருந்து மேலாக நுழையும். உள்ளே இருப்பவருக்கு முற்றமும் ஆட்களும் தெரியும். கீழே நிற்பவருக்கு உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். தரையின் கறுப்பு மெருகில் அந்த அரைவெளிச்சம் விழுந்து அறை முழுவதும் பரவும். படிக்கிற கண்ணுக்கு இதைவிட இதமான வெளிச்சம் கிடையாது. ஊட்டுப்புரையைப் பாருங்கள். ஒரே பந்தியில் ஆயிரம் பேர் உட்காரலாம் என்கிறார்கள். ஆனால் கூடம் நீளம், அகலம் குறைவு. அதனால்தான் அத்தனை கூட்டத்திலும் புழுங்காது. நம் வாசிப்புக் கூடத்துக்கு வேண்டிய அளவு அங்கே இருக்கிறது. தூணின் தாமரை மொட்டை நகலெடுக்க வேண்டியதில்லை.

திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்னும் இடத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் 1970களின் தொடக்கத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தைக் கட்டியபோது அரண்மனையை நகலெடுக்கவில்லை. செங்கல், அதில் காற்று வர இடைவெளி விட்ட சுவர், மரங்களை வெட்டாமல் அவற்றைச் சுற்றி வளைந்து போகும் கட்டடங்கள், நடுவில் நூலகக் கோபுரம். பார்த்தால் கேரளத்து அரண்மனைபோல இருக்காது. உட்கார்ந்தால் அந்தக் காற்று இருக்கும்.

புத்தகத்தில் படித்த கட்டடக் கலை இங்கே கைவிடும் இடமும் ஒன்று உண்டு. வாசிப்பறைக்கு வடக்கு வெளிச்சமே நல்லது என்று எல்லாப் பாடநூலும் சொல்லும். ஐரோப்பாவில் உச்சிச் சூரியன் வடக்கே வராது. நாம் இருப்பது எட்டு டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். வடக்கே கண்ணாடிச் சுவர் வைத்தால் சித்திரை வெயிலில் வாசகர் வேகவேண்டியதுதான். மழையும் அப்படியே. பல மாவட்டங்களுக்குப் பெரும்பாலும் ஒரு பருவமே. நமக்கு ஆனியாடிச் சாரலும் உண்டு, ஐப்பசி அடைமழையும் உண்டு. மழை படாத பக்கம் என்று ஒரு சுவரைக் காட்ட முடியாது. நாலு பக்கமும் ஆழமான இறவாரம் வேண்டும்.

ஆனால் வாசகருக்கு வேண்டியதும் புத்தகத்துக்கு வேண்டியதும் ஒன்றல்ல. மனிதனுக்குக் காற்று வேண்டும். தாளுக்கு ஈரக்காற்று ஆகாது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் தங்கினால் பூசணம் பிடிக்கும். அதன் பின்னால் இராமபாணப் பூச்சி, கறையான். நம் ஊரில் அந்த அளவைத் தாண்டாத மாதமே அபூர்வம். ஆகவே வாசிப்புக் கூடம் வெளிப்பக்கம், காற்றோட்டமாக. புத்தக அடுக்கு உள்வயிற்றில், ஈரத்தை உறிஞ்சும் கருவிகளோடு, மூடியபடி. கட்டடம் முழுவதையும் குளிரூட்டினால் மின்கட்டணம் கட்ட முடியாமல் இரண்டாம் ஆண்டே நிறுத்திவிடுவார்கள், அப்போது திறக்க ஜன்னலும் இருக்காது. பாரமும் கவனிக்க வேண்டியது. இந்தியத் தர நிர்ணயப்படி வீட்டுத் தளம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ தாங்கினால் போதும். புத்தக அடுக்குத் தளம் 600 கிலோ தாங்க வேண்டும். கைவிடப்பட்ட பழைய பங்களாவை நூலகமாக்கலாம் என்று ஆசைப்படுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். அடுக்கைக் கீழ்த்தளத்தில் வைத்தால் பாரம் தீரும், நிலத்துக்கு அடியில் மட்டும் வேண்டாம். 1966 நவம்பரில் ஆர்னோ ஆறு பொங்கியபோது ஃபுளோரன்ஸ் தேசிய நூலகத்தின் கீழறைகளில் இருந்த நூல்கள் சேற்றில் மூழ்கின. அவற்றைச் சீர்செய்யும் வேலை பல பத்தாண்டுகள் நீண்டது. 2021 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த நமக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

இடம் எங்கே என்று கேட்பார்கள். நகரத்துக்குள் பெரிய வெற்றிடம் என்றால் நம் அதிகாரிகளின் கண் உடனே குளத்தின் மேல் விழும். குளத்தைத் தூர்த்துப் பேருந்து நிலையமும் அலுவலகமும் கட்டும் கலையில் தென்மாவட்டங்கள் தேர்ந்தவை. அபிஷேகப்பட்டிக்கு நம் மாணவி பஸ் மாறும் இடத்தின் பெயரே வேய்ந்தான்குளம். மரத்தை வெட்டுவதும் வேண்டாம். நகராட்சி அரசியல் ஒரு மரத்தை என்ன செய்யும் என்பதை சுந்தர ராமசாமி 1966இலேயே நாவலாக எழுதிவிட்டார், இதே ஊரை வைத்து. பாழடைந்த குடியிருப்புகளும் காலியான கிடங்குகளும் உள்ள அரசு நிலங்களைப் பார்க்கலாம். தனியார் இடம்தான் வேண்டுமென்றால் மாற்று நிலம் கொடுத்துப் பெறலாம். கருநந்தடக்கன் தன் சாலைக்கான இடத்தை முஞ்சிறைச் சபையாரிடமிருந்து வேறு நிலம் கொடுத்தே வாங்கினான். மன்னனாக இருந்தும் பறிக்கவில்லை. அவனிடம் நாம் பின்பற்ற வேண்டியது இந்த ஒன்றுதான்.

அளவு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் கடைசி, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பது. இன்று மூன்று தளம் கட்டி, நாளைக்கு ஒரு பக்கம் நீட்ட இடம் விட்டால் போதும். மதுரையிலும் சென்னைக் கோட்டூர்புரத்திலும் உள்ள நூலகங்கள் போன்ற பல அடுக்குக் கட்டடத்தைக் கேட்டு இருபது வருடம் காத்திருக்க எங்களுக்குப் பொறுமை இல்லை.

கட்டடம் வந்தபின் நடக்கப்போவதையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நூலகர் பணியிடங்கள் அடிக்கல் நாட்டும் அன்றே நிரந்தரமாக ஒப்பளிக்கப்பட வேண்டும்; தொகுப்பூதியத்தில் இரண்டு பேரை வைத்து மூன்று தளத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்க வேண்டும், கல்லூரி விடுமுறையிலும் திறந்திருக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்குப் பூட்டுவது ஆகாது. குளச்சலுக்கும் களியக்காவிளைக்கும் கடைசி பஸ் புறப்படுவதற்கு அரைமணி நேரம் முன்புவரை விளக்கு எரிய வேண்டும். போக்குவரத்துக் கழகத்தின் கால அட்டவணையை வாங்கி, கட்டட வரைபடத்தோடு சேர்த்தே பின் குத்தி மாவட்ட ஆட்சியருக்கும் துணைவேந்தருக்கும் அனுப்பலாம் என்று இருக்கிறோம்.