தமிழன் உலகுக்குக் கொடுத்த சொல்

தமிழ்ப் பெருமை பேச மேடை ஏறும் பண்டிதர்கள் பலரிடத்தில் ஒரு ஜாபிதா இருக்கின்றது. இங்கிலீஷ் பாஷைக்குத் தமிழ் கொடுத்த சொற்கள் என்பது அதன் தலைப்பு. கட்டுமரம் கொடுத்தோம், சுருட்டு கொடுத்தோம், மிளகுத்தண்ணீர் கொடுத்தோம், கறி கொடுத்தோம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல் கிடைக்கும். இந்த ஜாபிதாவை முழுதும் படிக்கின்ற சிலர் 'பரையா' என்ற சொல்லையும் அதே குரலில், அதே சந்தோஷத்துடன் படித்துவிடுகிறார்கள். மற்றவர்கள் அந்த இடம் வந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டுகிறவர்களுக்காவது கொஞ்சம் வெட்கம் இருக்கின்றது.

'பரையா' என்றால் இங்கிலீஷ்காரனுக்கு என்ன அர்த்தம்? யாராலும் சேர்த்துக்கொள்ளப்படாதவன், சமூகத்தை விட்டுத் தள்ளப்பட்டவன் என்று அவனுடைய அகராதி சொல்லுகின்றது. நாம் 'பறையர்' என்று ஒரு ஜன சமூகத்துக்கு வைத்திருக்கும் பெயர்தான் அது. உலகத்தில் எத்தனையோ ஜாதியார், எத்தனையோ தேசத்தார் இருக்க, "ஒதுக்கப்பட்டவன்" என்பதற்கு உலக பாஷைகள் பலவற்றுக்கும் சொல் கொடுக்கின்ற பாக்கியம் நம் தமிழ்நாட்டுக்கல்லவா கிடைத்தது! இந்தப் பாக்கியம் எப்படி வந்தது என்பதைத்தான் இன்று சற்று விசாரிக்க விரும்புகின்றோம்.

பறை என்பது ஒரு வாத்தியம். அதோடு பறை என்பதற்குப் பேச்சு, சொல் என்ற அர்த்தமும் உண்டு. மலையாளத்தில் இன்றைக்கும் 'பறயுக' என்றால் சொல்லுவது. அரசனுடைய கட்டளையை ஊராருக்கு அறிவித்தது பறை. சண்டைக்கு ஆள் கூட்டியது பறை. வெள்ளம் வந்தால் எச்சரித்ததும் பறை. புறநானூற்றின் 335-ஆம் பாட்டில் மாங்குடி கிழார் என்ற புலவர் துடியன், பாணன், கடம்பன் ஆகியோரோடு பறையனையும் சேர்த்து மதிப்புள்ள குடிகளாக வைத்துப் பாடியிருக்கின்றார். சங்க நூல்களைத் தலையில் வைத்துக்கொண்டு கூத்தாடுகின்ற நம் பண்டிதர்கள் இந்தப் பாட்டைப் பற்றி மேடையில் மூச்சு விடுவது மிக அபூர்வம்.

அப்படியிருந்த பெயர் எப்போது கீழே தள்ளப்பட்டது? இந்தக் கேள்வி கேட்டவுடன் ஒரு கூட்டத்தார், "எல்லாம் வெள்ளைக்காரன் செய்த வேலை, அவன் வருவதற்கு முன் நம் நாட்டில் எல்லாரும் அண்ணன் தம்பியாகத்தான் இருந்தோம்" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களைத் தயவு செய்து தஞ்சாவூருக்குப் போய் வரும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம். இராஜராஜ சோழன் கட்டினான் என்று பெருமையடித்துக்கொள்ளுகின்றோமே, அந்தப் பெரிய கோவிலின் கல்வெட்டுகளில், 1014-ஆம் ஆண்டையொட்டி, கோவிலுக்கு வரி கொடுக்க வேண்டிய ஊர்களின் கணக்கு வெட்டப்பட்டிருக்கின்றது. எந்தெந்த நிலத்துக்கு வரியில்லை என்ற பட்டியலில் ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு 'பறைச்சேரி' என்றும், 'தீண்டாச்சேரி' என்றும் வருகின்றது. வாஸ்கோட காமா கள்ளிக்கோட்டையில் வந்து இறங்கியது 1498-இல். அதற்கு ஏறக்குறைய ஐந்நூறு வருஷங்களுக்கு முன்னாலேயே தீண்டாமைக்குத் தனியாக இடம் ஒதுக்கி, அளந்து, கணக்கெழுதி, சாமியின் சுவரிலேயே வெட்டி வைத்தாகிவிட்டது. இதில் வெள்ளைக்காரனுக்கு என்ன பங்கு?

அவன் பங்கு பிறகு வருகின்றது. துவார்த்தே பார்போசா என்பவன் கண்ணனூரில் போர்த்துக்கீசியர் கிடங்கில் கணக்கெழுதியவன். மலையாள பாஷை தெரிந்தவன். 1516-ஆம் வருஷ வாக்கில் அவன் எழுதிய புஸ்தகத்தில் இந்த ஜனங்களின் பெயர் வருகின்றது. ஊருக்கு வெளியே ஆளற்ற இடத்தில் வசிக்கிறார்கள், கிழங்கைத் தின்று ஜீவிக்கிறார்கள், பேயைவிடக் கேடாக எண்ணப்படுகிறார்கள், அவர்களைக் கண்ணால் பார்த்தாலே மற்றவர்களுக்குத் தீட்டாம் என்று எழுதியிருக்கின்றான். பார்த்தால் தீட்டு என்ற சாஸ்திரம் லிஸ்பனிலிருந்து கப்பலில் ஏறி வந்ததா? இங்கே நடந்ததை அவன் அங்கே எழுதியனுப்பினான். அவ்வளவுதான்.

ஆனால் சரக்கு ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அது வேறு உருவம் எடுத்துக்கொண்டது. பறையர் என்பது தென்னாட்டில் ஒரு பெரிய சமூகம். அதில் பறை கொட்டினவர்கள் சிலரே. மிகப் பெரும்பாலோர் நெல் விளைவித்தவர்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு, இந்துக்களில் ஜாதியே இல்லாதவன், எல்லா ஜாதியிலிருந்தும் துரத்தப்பட்டவன் எவனோ அவன்தான் 'பரையா' என்று ஐரோப்பியர் எழுத ஆரம்பித்தார்கள். இது தப்பு என்று 1886-இல் யூல், பர்னல் என்ற இரண்டு ஆங்கிலேயர்களே 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற தங்கள் அகராதியில் எழுதிவிட்டார்கள். எழுதி என்ன? சொல் அதற்குள் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது. தெருவில் திரிகிற சொந்தக்காரனில்லாத நாய்க்கும், குப்பை மேட்டில் வட்டமிடுகிற பருந்துக்கும்கூட இந்தப் பெயரையே முன்னால் வைத்து இங்கிலீஷ் துரைகள் அழைத்தார்கள். தமிழன் மட்டும் சளைத்தவனா? நாய்க்கு அந்தப் பெயரை வைத்துத் திட்டுகிற வழக்கம் நம் தெருக்களிலும் இருந்ததை யார் மறுக்க முடியும்?

இதிலே ஒரு வேடிக்கையும் நடந்தது. பிரெஞ்சு தேசத்தில் பெரும் புரட்சி நடந்துகொண்டிருந்த 1791-இல் பெர்னார்தின் தெ சேன் பியேர் என்ற ஆசிரியர் 'இந்தியக் குடிசை' என்ற கதையை வெளியிட்டார். உண்மை எங்கே இருக்கின்றது என்று தேடி ஒரு ஆங்கில வித்துவான் இந்தியாவுக்கு வருகின்றான். ஜகந்நாதத்திலுள்ள பெரிய பிராமண குருவைப் போய்க் கேட்கின்றான். உண்மை முழுதும் வேதத்தில் அடக்கம், அது பிராமணர் மூலமாகத்தான் கிடைக்கும் என்று பதில் வருகின்றது. கேட்டவன் அலுத்துப்போய்த் திரும்புகையில் புயலில் மாட்டிக்கொண்டு ஒரு 'பாரியா'வின் குடிசையில் ஒதுங்குகின்றான். அங்கேதான் அவனுக்கு அறிவும் அன்பும் கிடைக்கின்றன. கதை சுத்தக் கற்பனைதான். பாரியாவை அந்த ஆசிரியர் கண்ணாலும் கண்டதில்லை. ஆனாலும் வேதம் எங்களுக்கே சொந்தம் என்று உட்கார்ந்திருந்தவர்களை அவர் சரியாகவே அடையாளம் கண்டுகொண்டார் என்று நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகு 1821-இல் தெலவீஞ் என்பவரின் 'பாரியா' நாடகம் பாரிசில் அரங்கேறியது. 1823-இல் மிகாயேல் பேயர் என்ற யூதர் பெர்லினில் அதே பெயரில் ஒரு நாடகம் போட்டார். ஜெர்மனியில் யூதனுக்கு இருந்த நிலைமையைச் சொல்ல அவருக்குத் தமிழ்நாட்டுச் சேரி உதவியது. ஜெர்மானிய மகாகவி கெத்தேயும் இந்தத் தலைப்பில் பாட்டு எழுதினார். 1838-இல் பிளோரா திரிஸ்தான் என்ற பிரெஞ்சு மாது, புருஷனை விட்டு வெளியேறினவள், பெரு தேசத்துக்குச் சொத்துக் கேட்கப் போய்ப் பெரும்பாலும் வெறுங்கையுடன் திரும்பினவள், தன் சரித்திரத்தை 'ஒரு பாரியாவின் யாத்திரைகள்' என்று பெயரிட்டு வெளியிட்டாள். பெண் என்றால் சட்டத்தில் யார் என்று கேட்டதற்கு அவள் கண்டுபிடித்த பதில் நம்முடைய சொல்!

பாரிசில் சீமாட்டிகள் நாடகம் பார்த்துக் கைக்குட்டையால் கண் துடைத்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், இங்கே தஞ்சாவூரிலும் செங்கற்பட்டிலும் நிஜமான பறையன் பண்ணையாளாக நிலத்தோடு கட்டுண்டு கிடந்தான். அடிமை முறையைக் கோர்ட்டார் அங்கீகரிக்கக்கூடாது என்று கம்பெனி சர்க்கார் சட்டம் செய்ததே 1843-இல்தான். நாடகம் நடந்து 22 வருஷம் கழித்து. சட்டம் வந்த பிறகும் பண்ணையில் சவுக்கடி நின்றுவிடவில்லை. அந்தப் பண்ணைகளை வைத்திருந்தவர்கள் யார்? பார்ப்பனர் மாத்திரம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நாம் யாரையும் விடமாட்டோம். வேளாளரும், முதலிகளும், நாயுடுகளும், ரெட்டிகளும் அந்தப் பந்தியில் சமமாகவே உட்கார்ந்திருந்தார்கள். சாஸ்திரம் அவனுடையது, சவுக்கு இவனுடையது.

தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் நிறவெறி ஆட்சி நடத்திய காலத்தில், அந்த ஆட்சியை உலகத்தார் 'பரையா ராஜ்யம்' என்று கண்டித்தார்கள். தீண்டாமை செய்தவனைத் திட்டுவதற்குத் தீண்டாமைக்கு ஆளானவனின் பெயர்! திருடனைக் கண்டால் திருட்டுக் கொடுத்தவன் பெயரைச் சொல்லித் திட்டுகிறதுபோல் இருக்கின்றது. 1994-இல் அந்த ஆட்சி ஒழிந்தது. சொல் ஒழியவில்லை. இன்றைக்கும் எந்தத் தேசத்தையாவது ஒதுக்கி வைத்தால் பத்திரிகைகளில் இதே பெயர்தான்.

நிற்க, அந்தப் பெயருக்கு உரியவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் பண்டிதர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் சென்னையில் ஒரு பத்திரிகை ஆரம்பித்து அதற்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். நீ எதைச் சொல்லி என்னைத் தலைகுனிய வைக்கிறாயோ அதையே தலைப்பாக்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறேன் என்பது அவர் வழி. அயோத்திதாச பண்டிதரோ, இந்தப் பெயர் நம் சத்துருக்கள் நம்மேல் சுமத்தியது, நாம் பூர்வ பௌத்தர்கள் என்றார். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று பத்திரிகை நடத்தினார். இருவரும் உறவினர்கள், இருவரும் ஒரே சமூகத்துக்கு உழைத்தவர்கள், இந்த ஒரு விஷயத்தில் இரண்டு திசை. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்? அந்தப் பெயரின் அடியை வாங்கினவர்கள் அவர்கள். பிறகு எம். சி. ராஜா சட்டசபையில் முயன்று, 1922-இல் சர்க்கார் தஸ்தாவேஜுகளில் 'ஆதி திராவிடர்' என்று எழுதும்படி உத்தரவாயிற்று.

இங்கே நமக்கு ஒரு கேள்வி பிறக்கின்றது. அடிபட்டவனே ஏன் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும்? அடித்தவன் பெயரில் ஐயரும் ஐயங்காரும் பிள்ளையும் முதலியாரும் வாலாகத் தொங்கிக்கொண்டிருந்தபோது, இவன் மாத்திரம் சர்க்காருக்கு விண்ணப்பம் எழுதிப் புதுப் பெயர் வாங்கவேண்டியிருந்தது. 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் ஜாதிப் பட்டங்களை விட்டுவிடுவது என்று தீர்மானித்தது இதற்காகத்தான். பட்டத்தைத் துறக்க வேண்டியவன் மேலே இருந்தவன். அன்று பலர் துறந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் சிலர் கலியாணப் பத்திரிகையில் அதைத் தேடி எடுத்துத் திரும்ப அச்சடிப்பதையும் பார்க்கின்றோம்.

"இப்போது யார் அந்தச் சொல்லைச் சொல்லுகிறார்கள்? சொன்னால் ஜெயில் அல்லவா?" என்று சமாதானம் சொல்லுவார்கள். மெய்தான். 1989-இல் வன்கொடுமைத் தடைச் சட்டம் வந்தது. வாயில் வராமல் செய்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுவோம். மதுரை ஜில்லா உத்தபுரத்தில் தலித்துகள் வசிக்கும் பக்கத்தை மறைத்து எழுப்பிய சுவரில் ஒரு பாகத்தை இடிக்க 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்ததே, அந்தச் சுவர் எந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டு நின்றது? தஞ்சாவூர்க் கல்லில் 'தீண்டாச்சேரி' என்று எழுத்திருந்தது. உத்தபுரத்துக் கல்லில் எழுத்து இல்லை. இவ்வளவுதான் ஆயிரம் வருஷத்தில் நாம் கண்ட முன்னேற்றம்.

ஆகவே பண்டிதர்களே, அடுத்த மேடையில் அந்த ஜாபிதாவை எடுக்கும்போது இந்தச் சொல்லைத் தாண்ட வேண்டாம். கட்டுமரத்துக்கும் சுருட்டுக்கும் நடுவிலே வைத்து நிறுத்திப் படியுங்கள். புறநானூற்றில் எப்படி இருந்தது, தஞ்சாவூரில் எப்படி வெட்டினோம், பார்போசாவுக்கு எதைக் காட்டினோம், உத்தபுரத்தில் எதைக் கட்டினோம் என்று வரிசையாகச் சொல்லுங்கள். சொல்லி முடித்தபின் சபையில் எத்தனை பேர் கைதட்டினார்கள் என்று நமக்கு ஒரு கார்டு எழுதிப் போடுங்கள், அடுத்த வாரமே பிரசுரிக்கின்றோம்.